இரவில் நின்ற மூச்சு, பகலில் போன பலம்



குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்த்தால், "மனுசன் நல்லா அசந்து தூங்குறாரு" என்று சொல்வது நம் வழக்கம். பகலில் வேலைக்காட்டில் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டவரைப் பார்த்தால், "இவனுக்கு உடம்பு வணங்கல" என்று சொல்வதும் நம் வழக்கம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தால் என்ன பொருள்? அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் என் தவறும் இருக்கிறது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். "ஐயா, முன்ன மாதிரி மேடு ஏற முடியல. பால் வாளியத் தூக்கினா மூச்சு வாங்குது" என்றார். நான் பிரஷர் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன். சற்று வெளிறி இருந்தது போல் தெரிந்தது. ரத்தம் குறைவு என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரையும் வைட்டமினும் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. வெட்டு முடிந்து பால் எடுக்கும் நேரத்தில் அவர் மரத்தில் சாய்ந்து தூங்கிவிடுகிறார் என்று மண்டோர் குறை சொன்னார். ராத்திரி தண்ணி போட்டிருப்பார் என்று சிலர் பேசினார்கள். நானும் பாதி நம்பினேன்.

பிறகு ஒரு நாள் அவர் மனைவி பிள்ளைக்கு மருந்து வாங்க வந்தார். மருந்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். "ஐயா, ஒன்னு கேக்கலாமா? எங்க வீட்டுக்காரரு பயங்கரமா குறட்டை விடுவாரு. திடீர்னு சத்தமே இல்லாம போயிடும். நான் எந்திரிச்சு மூக்குகிட்ட கை வச்சுப் பாப்பேன். மூச்சே இருக்காது. அப்புறம் முட்டிகிட்டு இழுத்து மூச்சு வாங்குவாரு. ராத்திரி பூரா இப்படித்தான். எனக்குத் தூக்கமே இல்ல" என்றார்.

அன்று மாலையே அவரை வரச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. கால் வீங்கியிருந்தது. நான் இரண்டு மாதமாகப் பகலைப் பற்றி மட்டும் கேட்டிருந்தேன். இரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே கடிதம் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே எக்கோ படம் எடுத்துப் பார்த்ததில் இதயம் பெருத்துத் தளர்ந்து போயிருந்தது.

இதயத் தசை நோய் என்றால் என்ன?

இதயம் நம் கைமுட்டி அளவுள்ள ஒரு தசைப்பை. ஒரு நாளைக்குச் சுமார் 1,00,000 தடவை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போது அதைப் போல மூன்று, நான்கு மடங்கு தள்ள வேண்டும்.

மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைபடுவது. இது வேறு. இங்கே அந்தத் தசையே கெட்டுப்போகிறது. டாக்டர்கள் இதைக் கார்டியோமயோபதி என்பார்கள். முக்கியமாக மூன்று வகை உண்டு. ஒன்று, பழைய பலூனைப் போல இதயம் விரிந்து தளர்ந்து போவது. இரண்டாவது, தசை தடித்துப் போய் உள்ளே ரத்தம் நிற்க இடம் குறைவது. மூன்றாவது, தசை விறைத்துப் போய் விரிய மறுப்பது, இது அபூர்வம்.

நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். எக்கோ சீட்டில் இதை 55 முதல் 70 வரை ஒரு எண்ணாக எழுதியிருப்பார்கள். நான் சொன்ன தொழிலாளிக்கு அது 30. சும்மா உட்கார்ந்திருக்க அது போதும். மேடு ஏறப் போதாது. தடித்த இதயத்தில் இந்த எண் நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் வேலை செய்தால் மூச்சு வாங்கும்.

இது எதனால் வருகிறது? நீண்ட நாள் அளவுக்கு மீறிக் குடிப்பது, சில வைரஸ் காய்ச்சல்கள், பல வருடம் கவனிக்காத ரத்த அழுத்தம் ஆகியவை காரணமாகலாம். பிரசவத்துக்குக் கடைசி மாதத்திலும் பிரசவமாகிச் சில மாதங்களிலும் தாய்மாருக்கு வருவதும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு மூச்சு வாங்கிக் கால் வீங்கினால் "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

பரம்பரையாகவும் வரும். தடித்த இதய நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய ஒரு மரபணுக் குறை இருப்பதாக 2009இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அது இருப்பவர் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று விழுந்து இறந்திருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் மலாயா மண்ணுக்கே உரிய ஒரு பழைய கதையும் இதில் உண்டு. நூறு வருடங்களுக்கு முன்பு இங்கே பெரிபெரி என்ற நோய் ஏராளமான பேரைக் கொன்றது. அதில் ஒரு வகை, கால் வீங்கி இதயம் தளர்ந்து போவது. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அதிகம் வரவில்லை. காரணம், நம்மவர்கள் சாப்பிட்ட புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் மறு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களில்தான் நோய் பரவியது. நெல்லை வேகவைக்கும்போது உமித் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் பி1 வைட்டமின். இன்றைக்கும் சோறு சாப்பிடாமல் குடியிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்தச் சத்து குறைந்து இதயம் தளர்ந்து போகிறது.

இரவில் நடப்பது

இதயம் பலவீனமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறும் இருக்கிறது. தடித்த இதயக்காரர்களிடமும் இது நிறைய உண்டு. இதை ஸ்லீப் அப்னியா என்பார்கள். 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவைக்கு மேல் நடந்தால் நோய். 30க்கு மேல் போனால் கடுமையான நோய். இதில் இரண்டு வகை.

முதல் வகை, தொண்டை அடைபடுவது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை மூடிவிடும். நெஞ்சு இழுக்கும்; காற்று உள்ளே போகாது. பிறகு குறட்டையோடு திறந்துகொள்ளும். பருத்த உடம்பு, தடித்த கழுத்து, குடி, மூக்கடைப்பு எல்லாம் இதைக் கூட்டும்.

இரண்டாவது வகை, வழி திறந்தே இருக்கும். ஆனால் மூச்சு விடச் சொல்லி மூளை உத்தரவு கொடுக்காது. மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி, பிறகு மெல்லக் குறைந்து, ஒரேயடியாக நின்று, மறுபடி தொடங்கும். கடல் அலை போல ஏறி இறங்கும். இதை டப்ளின் நகரத்து டாக்டர் செய்ன் 1818இலும் டாக்டர் ஸ்டோக்ஸ் 1854இலும் எழுதி வைத்தார்கள். இது பெரும்பாலும் இதயம் தளர்ந்தவர்களிடம் வரும். குறட்டைச் சத்தம் இல்லாமலும் வரும். ஆகையால் குறட்டை இல்லை என்பதாலேயே தைரியமாக இருந்துவிடக்கூடாது.

இரவு எப்படிப் பகலைத் தின்கிறது?

மூச்சு நிற்கிற ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடம்பு பதறிப்போய் இதயத்தை விரட்டுகிறது. பிரஷர் ஏறுகிறது. மூடிய தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுப்பதால் இதயத்துக்குச் சுமை கூடுகிறது. இரவு இதயம் ஓய்வெடுக்க வேண்டிய நேரம். இவருக்கோ இரவிலும் வேலைதான். பகல் முழுக்க வண்டி இழுத்த மாட்டை ராத்திரியும் செக்கில் கட்டினால், மறுநாள் காலையில் அது எப்படி நடக்கும்?

அதோடு தூக்கமும் துண்டு துண்டாகிறது. எழுந்ததும் தலைவலி, நாள் முழுக்கச் சோர்வு. கை கால் தசையும் பலம் இழக்கிறது. தடித்த இதயக்காரர்களில் இரவு மூச்சு நிற்பவர்கள் பகலில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் களைத்துவிடுவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இதயம் தளர்ந்தவருக்குப் பகலில் நின்று வேலை செய்யும்போது நீர் காலில் தேங்குகிறது. இரவு படுத்ததும் அந்த நீர் மேலே ஏறி, ஒரு பங்கு கழுத்துப் பக்கம் சேர்ந்து தொண்டையை நெருக்குகிறது, நெஞ்சிலும் சேர்கிறது. காலில் பார்த்த வீக்கமும் இரவில் நிற்கும் மூச்சும் இப்படி உறவாகின்றன. நோய் மூச்சைக் கெடுக்கிறது; மூச்சு நோயைக் கூட்டுகிறது.

என்ன பரிசோதனை?

பயப்பட ஒன்றும் இல்லை. எக்கோ என்பது நெஞ்சில் பசை தடவி ஒலி அலையால் எடுக்கும் படம்; வலி இல்லை. தூக்கப் பரிசோதனையில் விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் கருவி மாட்டித் தூங்கச் சொல்வார்கள். சில கருவிகளை வீட்டுக்கே கொடுத்து அனுப்புவதும் உண்டு.

நடைப் பரிசோதனை இன்னும் எளிது. 30 மீட்டர் சமதரையில் 6 நிமிடம் முன்னும் பின்னும் நடக்கச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் கணக்கு. இதயம் தளர்ந்தவர் 300 மீட்டர்கூடப் போக முடியாவிட்டால் நோய் முற்றியிருக்கிறது என்று எச்சரிக்கை ஆகிறார்கள். மருந்து வேலை செய்கிறதா என்றும் இதிலே தெரியும்.

இந்தப் பரிசோதனையை நீங்களாக வீட்டில் செய்ய வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். போன வருடம் லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு நிற்காமல் போனவர், இப்போது வழியில் எத்தனை தடவை நிற்கிறார்? முன்பு ஒரு தலையணை வைத்துப் படுத்தவர், இப்போது எத்தனை வைக்கிறார்? இந்த இரண்டையும் போய்ச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு இரவு விழித்திருந்து பாருங்கள். கடிகாரம் வைத்துக்கொண்டு, மூச்சு நிற்கிறதா, எத்தனை விநாடி நிற்கிறது, மணிக்கு எத்தனை தடவை என்று எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனாலும் நல்லது. நோயாளிக்குத் தன் குறட்டை தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி.

2. இதய நோய் என்று தெரிந்தவர்கள் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். உடனே கிளினிக்குக்கு வரவும்.

3. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இந்த நோயாளிக்கு உப்பு மிகுந்த பண்டம்தான் குப்பை. நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பாக்கெட் மீயோடு வரும் தூள் எல்லாம் உப்பு மூட்டைகள்.

4. குடியை விடுங்கள். குடி இதயத் தசையையும் கெடுக்கும். தொண்டைச் சதையையும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுவதும் ஆபத்து.

5. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். தலைப் பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். உடம்பு பருத்தவர்கள் எடையைக் குறையுங்கள். புகையை நிறுத்துங்கள்.

6. தண்ணி மாத்திரையை நிறுத்தாதீர்கள். "காட்டுல ஒதுங்க இடம் இல்ல ஐயா, அதான் போடல" என்று பெண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கஷ்டம் எனக்குத் தெரியும். நேரத்தை மாற்றிப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். போடாமல் இருந்துவிடாதீர்கள்.

உடற்பயிற்சி செய்யலாமா?

"இதயம் கெட்டுப்போச்சு, இனிமே படுத்தே கிடக்கணும்" என்பது பழைய எண்ணம். 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதயம் தளர்ந்த 2,331 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு முறையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி ஆபத்தில்லாமல் நடந்தது. நடக்கும் பலமும் ஓரளவு கூடியது. முறையான பயிற்சி இரவு மூச்சு நிற்பதையும் குறைக்க உதவுகிறது.

ஆனால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே தொடங்க வேண்டும். மேட்டில் வேண்டாம், சமமான சாலையில் காலை அல்லது மாலையில் 5 நிமிடம் நடங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி 30 நிமிடம் வரை போகலாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம். மூச்சை அடக்கிப் பாரம் தூக்காதீர்கள். தடித்த இதயக்காரர்கள் பந்து விளையாட்டு, ஓட்டப் போட்டி போன்ற கடும் வேலைக்கு முன் தனியாக டாக்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மூச்சு மெஷின்

தொண்டை அடைபடும் வகைக்கு, மூக்கில் மூடி மாட்டிக் காற்றை மெல்லத் தள்ளும் மெஷின் உண்டு. 1981இல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் சல்லிவன் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். பகல் தூக்கம் குறையும். பிரஷரும் ஓரளவு இறங்கும். ஆனால் மெஷின் வந்துவிட்டது என்று இதய மாத்திரையை விடக்கூடாது.

அடுத்தவர் மெஷினை இரவல் வாங்கவே கூடாது. மூச்சுக்கு மூச்சு தானாக மாறும் வேறொரு வகை மெஷினை, இதயம் தளர்ந்து மூளை உத்தரவு கொடுக்காத வகை உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதய நோயால் இறந்தவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை என்று 2015இல் தெரிய வந்தது. எந்த வகை நோய்க்கு எந்த மெஷின் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

வேலையும் உரிமையும்

தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். வேலை செய்யவே முடியாமல் போனால், சந்தா நிபந்தனைகள் பொருந்தினால் சொக்சோவில் இயலாமை பென்ஷனுக்கு மனுச் செய்யலாம். டாக்டர் சீட்டுகளைத் தொலைக்காமல் ஒரே உறையில் வையுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் காட்டுங்கள்.

மண்டோர்களுக்கும் ஒரு வார்த்தை. நேற்று வரை ஒழுங்காக வேலை செய்தவர் இன்று பாதியில் உட்கார்ந்தால், திட்டுவதற்கு முன் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

மயங்கி விழுதல், நெஞ்சுவலி, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குதல், நுரையோடு இருமல், உதடு நீலமாதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். தோட்டத்து வண்டியைக் கேளுங்கள், அல்லது 999க்குக் கூப்பிடுங்கள்.

அந்தத் தொழிலாளி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மாத்திரை, உப்புக் குறைப்பு, இரவில் மெஷின், மாலையில் நடை என்று ஆறு மாதம் போயிற்று. அவருடைய எண் 30இலிருந்து 40க்கு வந்தது. மேட்டுக்காடு இனி முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சங்கம் பேசியதில் நாற்று மேடையில் இலகுவான வேலை கிடைத்தது. முழுசாகக் குணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோயில் வரை நின்று நின்று போனவர் இப்போது ஒரே நடையில் போகிறார். அவர் மனைவியும் இரவில் தூங்குகிறார்.

அந்த அம்மா அன்று கேட்காமல் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால், நான் இன்னும் இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுத்திருப்பேன். ஆகவே தாய்மார்களே, கேட்கத் தயங்காதீர்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டை திடீரென்று நின்றால், சத்தம் ஓய்ந்தது என்று திரும்பிப் படுக்காமல், மூச்சு வருகிறதா என்று பாருங்கள். நின்றால் எண்ணுங்கள். எண்ணியதை எங்களிடம் வந்து சொல்லுங்கள்.